சதுரப் படத்தில் கொலுசின் ரெண்டு முனையும் காணோம்

அனுப்புநர்:
கொலுசுப் பட்டறை உரிமையாளர்,
செவ்வாப்பேட்டை, சேலம்.

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்கள்.

பொருள்: கேட்டலாக் ஆப்பில் தம்ப்நெயில் (பட்டியலில் தெரியும் சின்னச் சதுரப் படம்) கோளாறு, தீர்க்காமலே மூடிய 3 புகார்கள்.

ஐயா,

வணக்கம். இது நாலாவது கடிதம். முந்தைய மூன்றையும் "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிட்டீர்கள். எதைத் தீர்த்தீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.

போனில் எடுக்கும் படம் 4000-க்கு 3000 பிக்சல். புது அப்டேட்டுக்குப் பிறகு ஆப் அதை நடுவில் 3000-க்கு 3000 என்று வெட்டுகிறது. இடப்பக்கம் 500, வலப்பக்கம் 500 போய்விடுகிறது. ஆள் முகத்துக்கு இது பரவாயில்லை. கொலுசை நீட்டி வைத்துத்தானே எடுக்க முடியும்? ஒரு முனையில் திருகாணி, மறுமுனையில் கடைசிச் சலங்கை, ரெண்டுமே காலி. திருகாணியா கொக்கியா என்று பார்த்துத்தான் கடைக்காரர் ஆர்டரே போடுவார். பத்தரை இஞ்சு கொலுசு உங்கள் பட்டியலில் வெறும் சங்கிலித் துண்டாகக் கிடக்கிறது. பழைய வெர்ஷனில் வெட்டும் கட்டத்தை விரலால் நகர்த்தலாம். மேலும் கீழும் வெள்ளை விட்டு முழுப் படத்தையும் சதுரத்துக்குள் அடக்கலாம். ரெண்டையும் ஏன் எடுத்தீர்கள்?

இதைக் கேட்டதற்கு உங்கள் கால் சென்டர் தம்பி, "கொலுசைச் சுருட்டி வெச்சு எடுங்க சார்" என்றார். சுருட்டி! சுருட்டினால் நீளம் எப்படித் தெரியும்? பதில் சொல்வதற்குள் போனை வைத்துவிட்டார்.

அடுத்தது, செங்குத்தாக எடுத்த படங்கள் தம்ப்நெயிலில் படுத்துக்கொள்கின்றன. என் போன் படத்தைப் படுக்கையாகவே சேமித்து, எக்ஸிஃபில் (படத்தோடு சேர்ந்து வரும் குறிப்பு) திசை 6 என்று குறிக்கிறது. 90 டிகிரி வலப்பக்கம் திருப்பிக் காட்டு என்று அர்த்தம். பெரிதாகத் திறந்தால் நேராக நிற்கிறது. அப்படியென்றால் தம்ப்நெயில் செய்யும் இடத்தில் மட்டும் அந்த எண்ணைப் படிக்கவில்லை. உங்கள் ஆப், உங்களுக்குத் தெரியாததா?

அஞ்சு ரோடு ஆபீஸுக்குப் போனைக் கொண்டு வரச் சொன்னதும் நீங்கள்தான். மூன்றாவது மாடி, லிஃப்ட் ஓடவில்லை. 11 மணியிலிருந்து ஒன்றரை வரை உட்கார வைத்துவிட்டு, "இது சேல்ஸ் ஆபீஸ், சர்வீஸ் இங்க இல்லை" என்றார்கள். இதை முதலிலேயே சொல்ல எவ்வளவு நேரமாகும்?

40 படம் சேர்த்து ஏற்றினால் ஆப் தானாக மூடிக்கொள்கிறது. பிக்சலுக்கு 4 பைட் வீதம் ஒரு படத்தை முழுசாக விரித்தால் 48 எம்.பி. மெமரி. 300 பிக்சல் சதுரத் தம்ப்நெயிலுக்கு அது எதற்கு? எட்டில் ஒன்றாகக் குறைத்துத் திறந்தால் 500-க்கு 375, ஒரு எம்.பி.கூட ஆகாது. ஆண்ட்ராய்டில் இப்படிக் குறைத்துத் திறப்பதற்கென்றே இன்சாம்பிள்சைஸ் என்ற அமைப்பு இருக்கிறது. உங்கள் ஆட்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னணி நீக்கிய பிஎன்ஜி படங்களை, வெற்றுப் பின்னணியை வைத்துக்கொள்ளாத ஜேபெக் வகைக்கு மாற்றும்போது முதலில் வெள்ளையை நிரப்பாததால் பின்னணி கறுப்பாகிவிடுகிறது. கறுப்பு பாலிஷ் கொலுசு அதில் தெரியவே தெரியாது.

முகூர்த்த சீசனே போச்சு. செவ்வாப்பேட்டை முழுக்க என் பேர் கெட்டுப்போச்சு. வருடத்துக்கு 4,800 ரூபாய் கட்டியது இதற்குத்தானா?

கோபத்தில் ஏதும் அதிகமாக எழுதியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கட்டம் நகர்த்தும் வசதியும் திசைக் கோளாறும் 10 நாளில் சரியாக வேண்டும். இல்லையென்றால் மீதி மாதங்களின் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ரெண்டும் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். வியாபாரத்துக்கு வாங்கியதுதானே என்று தட்டிக்கழிக்க வேண்டாம். பிழைப்புக்கான சுயதொழிலுக்கு வாங்கியவரும் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நுகர்வோர்தான்.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

பி.கு.: யாரை வேண்டுமானாலும் பேசச் சொல்லுங்கள், அந்தச் 'சுருட்டி வெச்சு' தம்பி மட்டும் வேண்டாம்.