நாலு நாள் அங்கே என்ன பண்ணினேன் என்றால்

அன்பு மகள் கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நலம். நீ, மாப்பிள்ளை, குட்டி, அம்மா எல்லாரும் நலந்தானே?

"பையைத் தொலைச்சீங்க, சரி. வண்டிய விட்டீங்க, சரி. மறுநாளும் வண்டி இருந்துச்சுல்ல? நாலு நாள் அங்க உட்கார்ந்து என்னப்பா பண்ணுனீங்க?" என்று போனில் கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது. பின்னால் உன் அம்மா குரலும் கேட்டதால் வாய் வரவில்லை. கடிதம் என்றால் நடுவில் யாரும் குறுக்கே பேச முடியாது, பார்.

புனே வண்டி கிளம்புவதே கன்னியாகுமரியில்தானே, ஒரு சூரிய உதயம் பார்த்துவிட்டு ஏறலாம் என்று ஆசைப்பட்டேன். நாகர்கோவிலில் இருந்து விடிகாலை பஸ். கண் அசந்துவிட்டது. இறங்கும்போது தோள்பையைக் காணோம். போன், பர்ஸ், ஏ.டி.எம். கார்டு, டிக்கெட் எல்லாம் அதில். குட்டியின் முதல் பிறந்தநாளுக்கு வாங்கிய வெள்ளிக் கொலுசும் அதில்தான் இருந்தது. இதை உன்னிடம் இதுவரை சொல்லவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி வெளியே வருவதற்குள் வண்டி போய்விட்டது.

வேடிக்கையைக் கேள். ஆர்.எம்.எஸ். என்கிற ரயில் தபால் சேவையில் முப்பத்தொரு வருஷம் ஓடும் ரயிலில் கடிதம் பிரித்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் கன்னியாகுமரி 629702 என்பேன். பெற்ற மகளின் போன் எண் தெரியவில்லை. சித்தப்பாவின் பழைய எண் ஒன்றுதான் மனப்பாடம். அவனைப் பிடித்துத்தான் உனக்குச் சொல்லச் சொன்னேன். அவன் பாதியைச் சொல்லி பாதியை விழுங்கியிருக்கிறான்.

சட்டைப்பையில் எழுநூறு ரூபாய். லாட்ஜுக்குக் கட்டாது. ஸ்டேஷனில் ஒரு ஏட்டு, கடலோரமாக இருந்த ஒரு டார்மெட்டரிக்கு வழி சொன்னார். எட்டு இரும்புக் கட்டில், தலைமாட்டில் ஒரு பூட்டுப் பெட்டி, பொதுக் குளியலறை. படுக்கைக்கு இருநூற்றைம்பது. நல்லவேளை, சூட்கேஸில் ஆதார் நகல் ஒன்று கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, காசு அப்புறம் வாங்கிக்கலாம் என்றான் பொறுப்பில் இருந்த பையன். மத்தியானமே அவன் போனுக்கு சித்தப்பா பணம் போட்டுவிட்டான். மறுநாளைக்கு தட்கல் போடட்டுமா என்றும் கேட்டான். போடச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ரெண்டு நாள் போகட்டும்டா" என்று வந்துவிட்டது.

ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது. அன்று ராத்திரி தெரிந்தது.

ரிட்டயர் ஆன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு எனக்கு முழிப்பு வந்துவிடும், உனக்குத் தெரியும். அடுத்த ஸ்டேஷன் வருவதற்குள் பை கட்டி முடிக்க வேண்டும் என்று உடம்பு பரபரக்கும். அம்மா உன்னிடம் வந்த பிறகு, அந்த நேரத்தில் வீட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு மின் கட்டண ரசீதுகளை வருஷ வாரியாக அடுக்கியிருக்கிறேன். அங்கேயும் இரண்டுக்கு முழிப்பு வந்தது. திண்ணையில் போய் உட்கார்ந்தேன். அலை வந்து பாறையில் விழுகிறது, போகிறது. எதையும் எந்த ஊருக்கும் பிரித்து அனுப்ப வேண்டியதில்லை. தூரத்தில் வள்ளுவர் சிலையில் வெளிச்சம். 88இல் உன் அம்மாவோடு வந்தபோது அந்தச் சிலை இல்லை, விவேகானந்தர் பாறை மட்டும்தான். எப்போது உள்ளே போய்ப் படுத்தேனோ, காலை ஏழரைக்கு அந்தப் பையன் வந்து "பாட்டா, சாயா குடிக்கேளா?" என்று எழுப்பினான். சூரிய உதயம் போச்சு. நாலு நாளில் ஒருநாள்கூட உதயம் பார்க்கவில்லை, கயல். தூங்கினேன்.

அந்த ஊரில் தாத்தாவைப் பாட்டா என்பார்கள். குட்டி என்னை என்ன கூப்பிடப் போகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன்.

பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளிப் பையன். காஷ்மீரில் இருந்து சைக்கிளிலேயே வந்தவன். வந்து சேர்ந்தாகிவிட்டது, இனி என்ன செய்வதென்று தெரியவில்லை என்றான், எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் எனக்கு அப்படித்தான் புரிந்தது. இரண்டு பேருமாகச் சின்னமுட்டம் துறைமுகம் போய்ப் படகுகள் கரையேறுவதைப் பார்த்தோம். மரச்சீனியும் மீன்குழம்பும் சாப்பிட்டோம். சுகர் மாத்திரை போட்டேன், அம்மாவிடம் சொல். மட்டிப்பழம் மட்டும் கொஞ்சம் அதிகமாகிவிட்டது, அதைச் சொல்ல வேண்டாம்.

பிறந்தநாள் அன்று கோயிலுக்குப் போனேன். அம்மன் கதை உனக்குச் சின்ன வயதில் சொல்லியிருக்கிறேன். சுசீந்திரத்தில் இருந்து மாப்பிள்ளை சிவன் கிளம்பி வருகிறார், விடிவதற்குள் முகூர்த்தம். நாரதர் சேவலாகக் கூவிவிட, நேரம் தப்பியது என்று வழுக்கம்பாறையோடு அவர் திரும்பிவிடுகிறார். கல்யாணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிட்டதாம். அவளும் நேரம் தப்பியவள்தான் என்று சன்னதியில் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் வந்தது. குட்டி கேக் வெட்டும் நேரம் அது. நான் அங்கே இல்லாதது தப்புதான். அதற்கு சமாதானம் எதுவும் எழுதவில்லை. ஆனால் அந்த நாலு நாளும் நான் நன்றாக இருந்தேன் என்பதையும் உன்னிடம் மறைக்கத் தோன்றவில்லை.

அடுத்த மாசம் பத்தாம் தேதிக்கு டிக்கெட் போட்டாயிற்று. இந்த முறை பஸ்ஸில் தூங்க மாட்டேன். கொலுசு புதிதாக வாங்கிவிட்டேன், கையில் கொண்டு வருகிறேன்.

இதோடு ஒரு சின்னப் பொட்டலம் வைத்திருக்கிறேன். கோயில் வாசலில் விற்கிற மணல், பார்த்தால் அசல் குருணை அரிசி மாதிரியே இருக்கும். குட்டி வாயில் போட்டுக்கொள்வாள், எட்டாத இடத்தில் வை.

அன்புடன்,
அப்பா