மலை லாட்ஜில் இரண்டு நாள்: ஓய்வுக்கு வழி சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை வந்தால் பத்திரிகைகளில் ஒவ்வொரு மலைக்கும் 'பார்க்க வேண்டிய பத்து இடங்கள்' என்று பட்டியல் வருகிறது. அதை நம்பிக் கிளம்பும் நண்பர் கூட்டம் இரண்டு நாளையும் வேனுக்குள்ளேயே கழித்துவிட்டு, திங்கட்கிழமை காலை கண் எரிச்சலோடு வேலைக்குப் போகிறது. லாட்ஜுக்குக் கொடுத்த வாடகை பையை வைக்கத்தான் பயன்படுகிறது. மலையில் நிம்மதியாக உட்கார்ந்து எழுந்து வருவது எப்படி என்றும் உங்கள் கோடைப் பக்கங்களில் எழுத வேண்டும்.

வடசென்னைக்கு இது முக்கியம். விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14 வரை நீள்கிறது. காசிமேட்டில் படகுக்காரர், ஐஸ் உடைப்பவர், மீன் வண்டி ஓட்டுபவர் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கை ஓயும் காலம் அதுதான். கையில் காசு குறைவாக இருக்கும் காலமும் அதுதான். அதனால் போகும் ஒரு தடவை சரியாகப் போய்வர வேண்டும்.

சனி, ஞாயிறு மட்டும் என்றால் ஊட்டியும் கொடைக்கானலும் வேண்டாம். இரண்டுமே 500 கிலோமீட்டருக்கு மேல். சொந்த வண்டிக்கு இ-பாஸ் வேறு. 2025 கோடையில் வாரக்கடைசியில் ஊட்டிக்கு 8,000, கொடைக்கானலுக்கு 6,000 வண்டி என்று உயர் நீதிமன்றம் வரம்பு வைத்தது. பஸ்ஸிலோ ரயிலிலோ போனால் இ-பாஸ் தேவையில்லை. ஆனால் நேரம் போதாது.

நம் பக்கத்துக்கு ஏற்றது ஏலகிரி. ஜோலார்பேட்டை வரை ரயில், அங்கிருந்து மலைக்குச் சுமார் 20 கிலோமீட்டர். பெரம்பூரில் நிற்கும் வண்டியாகப் பார்த்து எடுத்தால் சென்ட்ரல் வரை அலைய வேண்டாம். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. மே மாத வெள்ளி இரவுக்கும் ஞாயிறு மாலைக்கும் இரண்டு டிக்கெட்டையும் முன்பதிவு திறக்கும் அன்றன்றே போட்டுவிடுங்கள். போகும் டிக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டு, திரும்பும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் பல கூட்டங்கள் கடைசி நேரத்தில் வேன் பிடிக்கின்றன.

ஊட்டிக் குளிரை எதிர்பார்த்து ஏலகிரிக்குப் போகக் கூடாது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஆறரை டிகிரி குறையும். மலையின் உயரமே சுமார் அவ்வளவுதான். சென்னையில் 40 என்றால் அங்கே பகலில் 33, 34 இருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல்தான் மலை மலையாகும். ஆகவே மத்தியானம் லாட்ஜ் தாழ்வாரத்தில் கேரம், சீட்டு, தூக்கம், மாலையில் நடை. ஜலகாம்பாறை அருவிக்கென்று அரை நாளை ஒதுக்காதீர்கள், மே மாதம் அங்கே பெரும்பாலும் பாறைதான் தெரியும். புங்கனூர் ஏரியில் படகுச் சவாரி வேண்டுமானால் ஞாயிறு காலை திறந்ததும் போய்விடுங்கள். சனி மாலை வரிசையில் நிற்கும் அளவுக்கு அந்தச் சவாரி பெறாது.

லாட்ஜுக்கு போன் செய்யும்போது வாடகையைக் கேட்கிறோம், ஏசி கேட்கிறோம். கேட்க வேண்டியது தண்ணீர். மே மாதத்தில் தண்ணீர் போர்வெல்லிலிருந்து வருகிறதா, லாரியிலா, பத்து பேர் குளித்தால் தாங்குமா? செக்-அவுட் 24 மணி நேரக் கணக்கா, காலை 11 மணிக்கா? 11 மணி என்றால் சனிக்கிழமை விடியற்காலையில் போய் இறங்கும் உங்களை எங்கே உட்கார வைப்பார்கள்? சமைக்க விடுவார்களா, கேஸ் யாருடையது, பாத்திரம் எவ்வளவு பெரியது? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். படத்தை மட்டும் காட்டி முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்பச் சொன்னால் அனுப்பாதீர்கள். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு உண்டு.

சாப்பாட்டுக்கு வருவோம். வீட்டிலிருந்து மசாலா தடவிய கோழியை டப்பாவில் எடுத்துப்போவது பெரிய தப்பு. ஐஸ் இல்லாமல் கோடை வெயிலில் ஒரு மணி நேரம் தாண்டினாலே இறைச்சி கெடத் தொடங்கும். ரயிலே சுமார் மூன்று மணி நேரம். அரைத்த மசாலாவை மட்டும் கொண்டுபோய், கோழியை ஏலகிரி மலைமேல் உள்ள அத்தனாவூர் கடைத்தெருவில் வாங்குங்கள். பத்து பேருக்கு ஒன்றரை கிலோ சீரகச் சம்பா, இரண்டு கிலோ கோழி, பத்து லிட்டர் பிடிக்கும் தேக்சா போதும். ஏலகிரியில் தண்ணீர் 96, 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்; அரிசி வேகச் சில நிமிடம் கூடும், அவசரப்பட்டுத் தண்ணீரை ஏற்றினால் குழையும். ஊட்டி உயரத்தில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது, அங்கே குக்கர்தான் சரி. தடைக்காலத்தில் நம் ஊர் மீனே விலை ஏறிக் கிடக்கும், அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏற வேண்டாம். நெத்திலிக் கருவாடு ஒரு கால் கிலோவை மூடி இறுகிய டப்பாவில் கொண்டுபோங்கள். ஐஸ் வேண்டாம், ரசத்துக்கு அதைவிடத் துணை இல்லை. லாட்ஜ்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வெளியே வைத்து வறுங்கள். கேஸ் சிலிண்டரும் மண்ணெண்ணெய் அடுப்பும் ரயிலில் ஏற்றுவது குற்றம்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். கறி சுட்ட கரி அடுப்பை, அணைந்துவிட்டது என்றோ குளிருக்கு இதம் என்றோ அறைக்குள் கொண்டுவராதீர்கள். சாம்பல் மூடிய கரியும் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை கிடையாது, நிறம் கிடையாது, தூங்குபவரை எழுப்பாது. சன்னலைச் சற்றுத் திறந்து வைத்தால் போதும் என்பதும் தவறு.

பைக்கில் போகும் பையன்களுக்கு: 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது சுலபம், இறங்குவதுதான் ஆபத்து. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் லைனர் சூடாகிப் பிடி இளகும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இருவர் உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் சூடாகும். நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றி ஆற்றாதீர்கள், டிஸ்க் கோணிவிடும். குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. வேனில் வாந்தி வருபவர் முன் சீட்டில் உட்கார்ந்து தூரத்தில் பார்க்க வேண்டும், போனைப் பார்க்கக் கூடாது.

வேன் எடுப்பவர்கள் இதையும் கவனிக்க வேண்டும். வெள்ளி இரவு முழுக்க ஓட்டி வந்த டிரைவரை வண்டிக்குள்ளேயே படுக்கச் சொல்லிவிட்டு, மறுநாள் அவர் கையில் பன்னிரண்டு உயிரை ஒப்படைக்கிறோம். டிரைவர்கள் தங்க விடுதிகள் இடம் ஒதுக்க வேண்டும் என்று தமிழக அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தியது. லாட்ஜில் அறை பேசும்போதே டிரைவருக்குக் கட்டில், குளியலறை எங்கே என்று கேளுங்கள். இல்லை என்றால் அவர் பெயரிலும் ஓர் இடத்தைச் சேர்த்துப் பணத்தைப் பங்கு போடுங்கள். ஞாயிறு மதியம் சாப்பிட்டு அவர் ஒரு மணி நேரம் தூங்கிய பிறகு மூன்று மணிக்குள் கிளம்பினால், பூந்தமல்லி நெரிசலைத் தாண்டி இரவு பத்துக்குள் வீடு சேரலாம். மலை லாட்ஜுகளில் டிரைவர் அறை இருக்கிறதா என்று இந்தக் கோடையிலேயே மாவட்ட நிர்வாகங்கள் நேரில் பார்த்து, இல்லாதவர்களுக்கு நோட்டீஸ் கொடுக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர்கள் சிலர்,
காசிமேடு, சென்னை.