ஐயா ஊற்றிய கற்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையை எங்கள் வீட்டில் ஆளுக்கொரு தடவை படித்துவிட்டோம். பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர், பெல்ஜியம் கண்ணாடி எல்லாம் விவரமாக வந்திருந்தன. தரைக்கு மட்டும் "ஆத்தங்குடிக் கற்கள் பதித்தது" என்று ஒரே வரி. ஆத்தங்குடியில் சிமென்ட்டை ஊற்றிக் கையால் செய்யும் தரைக்கற்கள் அவை. எங்கள் ஐயா 55 வருஷம் அந்தக் கல் ஊற்றியவர். அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா என்றால் எங்கள் பக்கம் அப்பாவைப் பெற்றவர். சென்ற மாசியில், 84 வயதில் காலமானார். 15 வயதில் பட்டறைக்குப் போனவர், 70 வயது வரை விடாமல் போனார். ஊரிலிருந்து ஆத்தங்குடிக்குச் சைக்கிள்தான். விடியும் முன் பழைய சோற்றுத் தூக்குச்சட்டியோடு கிளம்பினால், வீடு திரும்ப விளக்கு வைக்கும் நேரமாகிவிடும்.

பள்ளி விடுமுறையில் அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். இரும்புச் சட்டத்துக்குள் கண்ணாடித் துண்டைப் போட்டு, அதன்மேல் பூ அச்சை வைப்பார். சிமென்ட்டில் கரைத்த சாயத்தை, பச்சைக்கு ஒரு கரண்டி, காவிக்கு ஒரு கரண்டி என்று அறை அறையாக ஊற்றுவார். பிறகு அச்சை நேராக மேலே தூக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் தூக்குவார். "அவசரப்பட்டா பூ கலைஞ்சு போயிரும்த்தா" என்பார். அச்சு எடுத்ததும் மணலும் சிமென்ட்டும் கலந்த உலர் பொடியைத் தூவி ஈரத்தை இழுக்கவிட்டு, அதற்குமேல் குழைத்த கலவையைப் போட்டுக் கரணையால் இழுத்து மட்டம் செய்வார். சூளையில் சுடுகிற வேலை கிடையாது. காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் சில நாள் ஊறப்போட்டு, திரும்பக் காயவைப்பார்கள். கடைசியில் கண்ணாடியைப் பிரித்தால் அடியில் பூ பளபளவென்று இருக்கும். அத்தனை வருஷம் செய்தவர், ஒவ்வொரு கல்லையும் பிரித்த கையோடு ஒரு தடவை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அடுக்குவார்.

கூலி கல் கணக்குத்தான். உடைந்ததும் நிறம் கலைந்ததும் கணக்கில் வராது. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் கல் காயாது, பட்டறையில் வேலை இருக்காது. அந்த மாதங்களில் கண்மாய்ப் பாசனத்தில் இருந்த எங்கள் அரை ஏக்கர் வயலில் கிடப்பார். வருஷத்தில் அவர் சும்மா உட்கார்ந்த மாதம் என்று ஒன்று எனக்கு நினைவில் இல்லை.

சிமென்ட் அவர் விரல்களை அரித்துவிட்டது. நுனியெல்லாம் வெடிப்பு. ரசம் சோற்றில் கை வைத்தால் எரியும் என்று, அப்பத்தாதான் பிசைந்து உருட்டிக் கொடுப்பார். படுக்கப் போகுமுன் வேப்பெண்ணெயைச் சூடுபண்ணி வெடிப்பில் தடவிவிடுவார். அந்த நேரத்தில்தான் பேரப்பிள்ளைகள் ஏழு பேரும் ஐயாவைச் சுற்றி உட்காருவோம். யார் என்ன படித்தீர்கள், யாருக்கு நோட்டு வேண்டும், யார் யாரை அடித்தது எல்லாம் விசாரணைக்கு வரும். சனிக்கிழமை கூலி வாங்கி வரும்போது பொரிகடலைப் பொட்டலம் நிச்சயம். பிரித்து எங்கள் கையில் கொடுத்துவிட்டு, காகிதத்தை உதறி ஒட்டியிருப்பதை வாயில் போட்டுக்கொள்வார்.

1990களில் வழவழப்பான டைல்ஸ் ஊரெங்கும் வந்தபோது வேலை பாதியாகக் குறைந்தது. கூட இருந்தவர்களில் சிலர் கட்டட வேலைக்குத் திருப்பூர் பக்கம் போனார்கள். ஐயா போகவில்லை. "பிள்ளைகளை ராத்திரி பார்க்காம எனக்குத் தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டார். அந்த வருஷங்களில் வயல்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. வெளியூர் ஓட்டல்களுக்கெல்லாம் இந்தக் கல் போகிறது, சந்தோஷம்தான். அதே நேரம், எங்கள் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது தூண், கதவு, நிலை எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளுக்கு விலைக்கு வருகின்றன. தரையை அப்படி எடுக்க முடியாது. பெயர்த்தால் பெரும்பாலும் உடைந்துதான் வரும். ஐயா ஊற்றிய கல் பதித்த ஒரு வீடு போன வருஷம் இடிபட்டது. அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தவர் அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

இனி செட்டிநாட்டைப் பற்றி எழுத ஆள் அனுப்பினால், வீட்டு வாசலோடு நிற்காமல் கல் பட்டறைக்கும் போய்வரச் சொல்லுங்கள். ஐயா வயதுக்காரர்கள் இன்னும் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். உட்காரவைத்துப் பேசுவார்கள்.

எங்கள் வீட்டுப் பட்டாசாலையில், அதாவது கூடத்தில், ஒரு கல் மாதிரி இன்னொரு கல் இருக்காது. நிறம் கலைந்தது என்று பட்டறையில் ஒதுக்கியதைச் சொல்லி வாங்கி, சாக்கில் சுற்றிச் சைக்கிள் கேரியரில் நாலு நாலாகக் கொண்டுவந்து சேர்த்தார். சேர்த்து முடிக்க மூன்று வருஷம் ஆயிற்று. சின்ன அத்தை கல்யாணத்துக்கு முன் அவரே பதித்தார். சாப்பிட உட்காரப் பேரப்பிள்ளைகள் ஆளுக்கொரு கல் பிடித்துவைத்திருந்தோம். மாறி உட்கார்ந்தால் சண்டை வரும், தீர்ப்பு சொல்ல ஐயா வருவார். என்னுடையது நீலப் பூ, ஒரு இதழ் மட்டும் பச்சைக்குள் ஓடியிருக்கும். அதைப் படம் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடம் இருந்தால் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
காரைக்குடி