ரோட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது

அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள கண்ணு,

இங்கு எல்லோரும் சௌகரியம். அம்மாவுக்குக் கால் வலி பரவாயில்லை. மோட்டாருக்குள் சுழலும் ரோட்டருக்குக் கரண்ட் எங்கிருந்து வருகிறது என்று நீ போனில் கேட்டபோது கடையில் ஆள் நின்றதால் பேச முடியவில்லை. எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

காந்தப்புலத்துக்குள் இருக்கும் கம்பியில் கரண்ட் ஓடினால் அந்தக் கம்பி தள்ளப்படும். கரண்ட் போகும் பக்கமும் இல்லை, புலம் போகும் பக்கமும் இல்லை, இரண்டுக்கும் செங்குத்தாக. 1821-ல் ஃபாரடே, பாதரசத்தில் நட்ட காந்தத்தைச் சுற்றி ஒரு கம்பியைச் சுழலவிட்டது இந்த விசையை வைத்துத்தான்.

நீ கேட்டது, ஒயரே போகாத ரோட்டரில் கரண்ட் எப்படி வரும் என்று. நல்ல கேள்வி. தறிக்காரர் ஒருவர் கொண்டுவந்த மோட்டாரை இப்போதுதான் பிரித்தேன், ரோட்டர் மேஜைமேல் இருக்கிறது. இரும்புத் தகடுகளை அடுக்கிய உருளை, அதற்குள் சற்றே சாய்வாக அலுமினியக் கம்பிகள், இரண்டு முனையிலும் அவற்றைச் சேர்க்கும் வளையம். அவ்வளவுதான். ரோட்டரைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரின் காயில்களில் மூன்று பேஸ், அதாவது மூன்று லைன், கரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குவதால் உள்ளே காந்தப்புலமே சுற்றுகிறது. அது ரோட்டர் கம்பிகளைக் கடந்து ஓடும்போது அவற்றில் கரண்டைத் தூண்டுகிறது. கரண்ட் வந்துவிட்டதா, சரி, அதே புலம் அந்தக் கம்பிகளைத் தள்ளுகிறது. ரோட்டர் புலத்தின் பின்னாலேயே ஓடுகிறது.

ஆனால் எட்டிப் பிடிக்காது. 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கும் கரண்டில், நாலு போல் (காந்த முனை) மோட்டாரின் புலம் நிமிஷத்துக்கு 1500 சுற்று. ரோட்டரும் 1500 ஓடினால் புலம் கம்பிகளைக் கடக்காது. கரண்ட் இல்லை, விசையும் இல்லை. அதனால்தான் மோட்டார்மேல் உள்ள பிளேட்டில் வேகம் 1440 மாதிரி போட்டிருக்கும். பாரம் கூடினால் ரோட்டர் இன்னும் கொஞ்சம் பின்தங்கும், கரண்ட் கூடும், விசையும் கூடும். யாரும் கை வைக்காமல் தானே சமாளித்துக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு இன்றைக்கும் அதிசயம்தான்.

இந்த மோட்டாரில் ஒரு பேஸ் காயில் புதுசு மாதிரி இருக்கிறது, மற்ற இரண்டும் கரி. ஓடும்போது ஒரு பேஸில் கரண்ட் நின்றுபோயிருக்கிறது. மிச்ச இரண்டும் பாரம் முழுவதையும் இழுத்து வெந்துவிட்டன. உன் பிளான்ட்டில் ஏதாவது மோட்டார் சுற்றாமல் உறுமினால், முதலில் இந்தச் சந்தேகம் வரட்டும். நின்றுபோன மோட்டார், ஓடும்போது இழுப்பதைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். மெயினை ஆஃப் பண்ணு, அப்புறம் ஃபியூஸைப் பார். ஷாஃப்ட்டைக் கையால் திருப்பிவிட்டு ஓட்டிப் பார்க்கிற வேலை மட்டும் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா