தேனி ரோட்டுக்குப் பட்டன் டயர் எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

செக்கானூரணியில் தேனி ரோட்டை ஒட்டி டயர், பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். சனி, ஞாயிறு விடியற்காலையில் மதுரையிலிருந்து மேகமலைக்கும் போடிமெட்டுக்கும் கிளம்பும் தம்பிகள் பலர் காற்றுப் பார்க்க என் கடையில் நிற்பார்கள். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ், கேடிஎம் அட்வென்ச்சர் என்று, தாரிலும் மண்ணிலும் ஓடுகிற உயரமான வண்டிகள். நல்ல வண்டிகள்தான். ஆனால் பலர் புது வண்டியிலிருந்து கம்பெனி டயரைக் கழற்றிவிட்டு, பெரிய பெரிய ரப்பர் கட்டைகள் துருத்திக்கொண்டிருக்கும் பட்டன் டயரை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். ஐப்பசி மழை தொடங்குவதற்குள் இதைப் பற்றி நாலு பேர் காதில் போட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

பட்டன் டயர் சேற்றுக்கும் மணலுக்கும் செய்தது. கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம். சேற்றில் ஒவ்வொரு கட்டையும் மண்ணைக் கடித்து இழுக்கும், ஒட்டிய சேறு சக்கரம் சுற்றும்போதே தெறித்து விழும். தார் ரோட்டில் அதே இடைவெளியால் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைந்துபோகிறது. வளைவில் சாய்த்தால் உயரமான கட்டை மடங்கிக் கொடுக்கும், வண்டி நெளியும். நனைந்த தாரில் பிரேக் பிடித்தால் வண்டி நிற்கிற தூரம் கூடும். சித்திரை வெயிலில் நான்குவழிச் சாலையில் விரட்டினால் நடுவில் உள்ள கட்டைகள் மளமளவென்று தேய்ந்துவிடும். சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறும் 18 கொண்டை ஊசி வளைவும் தார், போடிமெட்டுக்கு ஏறும் 17 வளைவும் தார். அங்கே மழையில் இந்த டயரோடு போகிறவர்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது.

விற்கும்போது 80-20, 50-50 என்று சொல்வார்கள். நூற்றில் முதல் எண் தாருக்கான பங்கு, அடுத்தது மண்ணுக்கான பங்கு. இது அந்தந்தக் கம்பெனி தானே போடுகிற கணக்கு. ஆகவே எண்ணைக் கேட்டுக்கொண்டு, டயரையும் கையில் வாங்கிப் பாருங்கள். நடுவில் ரப்பர் விடாமல் ஓடி, ஓரத்தில் கட்டை இருந்தால் அது தார் ரோட்டுக்கே அதிகம் ஏற்ற டயர். வாரம் முழுக்க மதுரைக்குள் வேலைக்குப் போய், விடுமுறையில் மலை ஏறுகிறவருக்கு அதுவே போதும். அழகர்கோவில், மேலூர் பக்கத்துச் செம்மண் பாதையும் சரளையும் அதற்குப் பெரிய விஷயமில்லை.

கரிசல் கதை வேறு. திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடிப் பக்கம் மழை பெய்த மறுநாள் வண்டிப்பாதையில் இறங்கினால், பிசைந்த களிமண் போல டயரில் அப்பிக்கொள்ளும். ரோட்டு டயரில் வெட்டியிருக்கும் காடி (பள்ளக் கோடு) அடைந்து மொழுக்கென்று ஆகிவிடும். முன் மட்கார்டு தாழ்வாக இருந்தால் சக்கரமே சிக்கும். பட்டன் டயர் கொஞ்ச தூரம் கூடுதலாக இழுக்கும், அவ்வளவுதான். கரிசல்காட்டுச் சம்சாரி ஈரம் காயும்வரை வண்டியை ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து போவார், அவருக்குத் தெரியும். சாப்டூர், பேரையூர் பக்கம் தோட்டம் இருந்து, தினமும் மண்ணில் போய்வருகிறவருக்கு 50-50 வாங்கச் சொல்லி நானே பரிந்துரைப்பேன். அவருக்கும் மழையில் தாருக்கு வந்ததும் வேகத்தைக் குறைக்கச் சொல்லித்தான் அனுப்புவேன்.

அடுத்து ட்யூப். இதில் குழப்பம் அதிகம். டயரின் பக்கவாட்டில் ட்யூப்லெஸ் என்று எழுதியிருக்கிறது, ட்யூப் போடாதீர்கள் அண்ணே என்பார்கள். சாதாரண ஸ்போக்ஸ் ரிம்மில் கம்பி ஏறும் துளைகள் வழியே காற்று போய்விடும். ட்யூப்லெஸ்ஸுக்கென்றே செய்த ரிம்மாக இல்லாவிட்டால் உள்ளே ட்யூப் இருந்தே ஆக வேண்டும். நம் பக்கம் சீமைக் கருவேல முள் இல்லாத பாதை ஏது? ட்யூப்லெஸ்ஸில் முள் ஏறினால், பிடுங்காமல் விட்டால் பெரும்பாலும் மெதுவாகத்தான் காற்று இறங்கும், கடைவரை வந்துவிடலாம். ட்யூப் என்றால் நின்ற இடத்திலேயே கழற்ற வேண்டியதுதான். ஹிமாலயன், எக்ஸ்பல்ஸ் முன்சக்கரம் 21 அங்குலம். அந்த ட்யூப் கிராமத்துக் கடைகளில் கிடைப்பது கஷ்டம். ஒன்று வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஆத்திர அவசரத்துக்கு அதையே பின்சக்கரத்தில் மடக்கிப் போட்டு மெதுவாக ஊர் வந்து சேரலாம். மணலுக்காகக் காற்றைக் குறைக்கிறவர்கள் அளவோடு குறைக்கட்டும். ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, ட்யூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிய்த்துவிடும். தாருக்கு ஏறியதும் மறக்காமல் திரும்ப அடிக்க வேண்டும்.

அளவை மாற்றாதீர்கள். 411 சிசி ஹிமாலயனுக்குப் பின்னால் 120/90-17. அகலம் 120 மில்லிமீட்டர், உயரம் அதில் 90 சதவீதம், ரிம் 17 அங்குலம். அழகுக்காக இதைவிட அகலமாகப் போட்டால் ரிம் டயரை நெருக்கிப் பிடித்து அதன் வடிவம் மாறும், செயினில் உரசவும் கூடும். அளவை அடுத்துள்ள எண்ணும் எழுத்தும் டயர் தாங்கும் எடையும் வேகமும். 54 என்றால் 212 கிலோ, P என்றால் மணிக்கு 150 கிலோமீட்டர். பழைய டயரில் இருப்பதற்குக் குறையாமல் வாங்க வேண்டும். பின்னால் ஆளும் இரண்டு பக்கமும் பெட்டியும் ஏற்றுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

தள்ளுபடி விலையில் வரும் டயரில் தயாரித்த தேதியைப் பாருங்கள். பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கட்டை நிறைய இருந்தாலும் வருடக்கணக்கில் கிடந்த ரப்பர் இறுகிப்போய் பிடிமானம் இழந்திருக்கும். நம் மாவட்டத்தில் வெள்ளரிப்பட்டியிலேயே டிவிஎஸ் ஸ்ரீசக்ரா ஆலை இரு சக்கர வாகன டயர் செய்கிறது. டயர் ஊரான மதுரையில் தேதி பார்க்காமல் டயர் வாங்குவது எனக்கு மனசு கேட்கவில்லை.

டயர் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தங்கள் நாளிதழ் வழியாக ஒரு வேண்டுகோள். டயர் மாற்ற வண்டியை ஸ்டாண்டில் ஏற்றும் முன், எந்த ரோட்டில் அதிகம் ஓட்டுகிறீர்கள் என்று அந்தத் தம்பியிடம் கேளுங்கள். பில்லில் டயரின் அளவோடு அந்த நாலு இலக்கத்தையும் எழுதிக் கொடுங்கள். என் கடையில் எழுதித்தான் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர்,
செக்கானூரணி, மதுரை மாவட்டம்.