மூன்றாவது கவுன்டர் கணினியில் என்ன இருக்கிறது?

நகரக் கூட்டுறவு வங்கிகளின் இயக்குநர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய தலைவர்களே, இயக்குநர்களே, தேர்தல் நடக்காத வங்கிகளில் அவர்களுக்குப் பதிலாகப் பொறுப்பு வகிக்கும் தனி அலுவலர்களே,

வணக்கம்.

உங்கள் கிளையின் பெட்டகத்தில் இன்று எத்தனை நகைப் பொட்டலங்கள் இருக்கின்றன என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வந்துவிடும். எடை, கடன்தாரர் பெயர், மதிப்பீட்டாளர் கையொப்பம் எல்லாம் பதிவேட்டில் இருக்கும். பெட்டகத்துக்கு இரண்டு சாவிகள், இரண்டு பேரிடம். அதே கிளையின் மூன்றாவது கவுன்டர் கணினியில் என்னென்ன மென்பொருள்கள் இருக்கின்றன, எவை எந்தப் பதிப்பு, யார் போட்டது என்று கேட்டுப் பாருங்கள். யாருக்கும் தெரியாது. கிளைகளின் கணினிகளைப் பராமரித்துச் சம்பளம் வாங்கும் எனக்கே, நேரில் போய் உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும்.

உட்கார்ந்து பார்த்ததைச் சொல்கிறேன். கோப்புகளைச் சுருக்கவும் விரிக்கவும் உதவும் வின்ராரின் பழைய பதிப்பு ஒன்று இருந்தது. பி.டி.எஃப். படிக்க இரண்டு மென்பொருள்கள். ஒன்றைத் திறந்து பல காலம் ஆகியிருக்கும். டிஜிட்டல் கையொப்பத்துக்கு வேண்டும் என்று யாரோ சொன்னதால் போட்ட ஜாவா, தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் தட்டச்சு செய்வதற்காக ஓர் ஊழியர் பென்டிரைவில் கொண்டுவந்த தமிழ் எழுத்துரு மென்பொருள், இவற்றோடு பாஸ்புக் பிரிண்டரைச் சரிசெய்ய வந்தவர் வெளியூரிலிருந்தே இயக்குவதற்காகப் போட்டுவிட்டு, வேலை முடிந்ததும் எடுக்காமல் போன எனிடெஸ்க். அந்தக் கடைசிப் பெயரைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெட்டகச் சாவியின் நகலை அவரிடம் கொடுத்தனுப்புவீர்களா?

மென்பொருளின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பவை திருத்தங்கள். விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் வரும் திருத்தங்களை மைக்ரோசாஃப்டே மாதந்தோறும் அனுப்பிவிடுகிறது. மேலே சொன்ன மற்றவற்றை அது தொடுவதில்லை. ஆண்டு தணிக்கைப் படிவத்தில் "மென்பொருள் திருத்தங்கள் உடனுக்குடன் செய்யப்படுகின்றனவா?" என்ற கேள்விக்கு எதிரே "ஆம்" என்று எழுதுகிறோமே, அந்த "ஆம்" விண்டோஸுக்கும் ஆஃபீஸுக்கும் மட்டுமே பொருந்தும்.

வின்ராரையே எடுத்துக்கொள்வோம். அது தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்ளாது. யாராவது புதிய பதிப்பைத் தரவிறக்கி நிறுவினால்தான் உண்டு. 2023இல் அதில் ஓர் ஓட்டை வெளிப்பட்டது. சுருக்கப்பட்ட கோப்புக்குள் ஒரு படமோ பி.டி.எஃப்.போ இருக்கும். அதைச் சொடுக்கினால், அதே பெயரில் பக்கத்தில் ஒளிந்திருக்கும் கோப்புறையிலுள்ள நிரல் ஓடிவிடும். பங்கு, கிரிப்டோ வர்த்தகர்களைக் குறிவைத்து ஏப்ரல் முதலே அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு 2 அன்று வந்த 6.23 பதிப்பில் ஓட்டை அடைக்கப்பட்டது. 2025 ஜூலையில் வேறோர் ஓட்டை. மாதக் கடைசியில் 7.13. இரண்டு முறையும் திருத்தம் இலவசமாகக் கிடைத்தது. நிறுவத்தான் ஆள் வேண்டும்.

தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் மென்பொருளுக்கோ வேறு தடை. தலைமை அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே கணினிகளை அணைப்பதே இல்லை. குரோம் உலாவியின் வலது மேல் மூலையைப் பாருங்கள். புதுப்பிப்பு வந்து இரண்டு நாள் ஆகாவிட்டால் அங்கே தோன்றும் குறி பச்சையாக இருக்கும். நான்கு நாள் என்றால் ஆரஞ்சு. ஒரு வாரம் கடந்தால் சிவப்பு. நான் பார்க்கும் மேசைகளில் பெரும்பாலும் சிவப்புதான். ஒருமுறை மூடித் திறந்தால் போதும். இருபது பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்ப்பவர் எப்படி மூடுவார்? கிளைகளிலோ மாலையில் மெயின் சுவிட்சையே அணைத்துவிட்டுப் பூட்டுகிறார்கள். மின்கசிவுக்குப் பயந்து வந்த நல்ல பழக்கம்தான். ஆனால் இரவில் ஓட வேண்டிய புதுப்பிப்பு அங்கே எந்தக் காலத்திலும் ஓடாது. காலையில் ஓட ஆரம்பித்தால் கவுன்டரில் வரிசை நிற்கும், மேலாளர் எனக்குப் போன் செய்வார், நான் நிறுத்திவைப்பேன். வேறு என்ன செய்ய முடியும்? ஏதாவது நடந்தால் கேட்கப்படுவது என்னிடம். கணினியை மறுதொடக்கம் செய்யச் சொல்லும் அதிகாரம் மட்டும் என்னிடம் இல்லை.

2024 ஜூலை 31 உங்களுக்கு நினைவிருக்கும். கூட்டுறவு வங்கிகளுக்கும் கிராம வங்கிகளுக்கும் தொழில்நுட்பச் சேவை தரும் சி-எட்ஜ் நிறுவனம், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. மற்றவர்களுக்கும் பரவிவிடக் கூடாது என்று, யு.பி.ஐ. முதலான பணப் பரிமாற்றங்களை நடத்தும் என்.பி.சி.ஐ. அதைத் தன் கட்டமைப்பிலிருந்து தற்காலிகமாகத் துண்டித்தது. ஏறத்தாழ 300 சிறு வங்கிகளின் வாடிக்கையாளர்கள் பணம் அனுப்ப முடியாமல் தவித்தார்கள். மறுநாள் சேவை திரும்பியது. பேச்சும் அதோடு அடங்கியது. காரணத்தை யாரும் இயக்குநர் குழுவில் பேசியதாகத் தெரியவில்லை. பெங்களூரைச் சேர்ந்த கிளவுட்செக் நிறுவனம் ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கையின்படி, சங்கிலியின் தொடக்கம் சி-எட்ஜோடு சேர்ந்து பணியாற்றிய வேறொரு நிறுவனத்தின் செர்வரில் இருந்த ஜென்கின்ஸ் என்ற மென்பொருள். நிரலாளர்கள் தங்கள் வேலையைத் தானியங்கியாகச் செய்ய வைத்துக்கொள்ளும் சாதாரணக் கருவி அது. அந்த ஓட்டைக்குத் திருத்தம் வந்தது 2024 ஜனவரி 24. அதை நிறுவாமலே ஆறு மாதம் கிடந்திருக்கிறது.

ஆக, உங்கள் வங்கியில் எல்லாம் ஒழுங்காக இருந்தாலும் ஒப்பந்தக்காரருக்கு ஒப்பந்தக்காரர் வைத்திருக்கும் மென்பொருள் உங்கள் கவுன்டரை மூடிவிடும்.

"அப்டேட் செய்தால்தானே கெட்டுப்போகிறது?" என்று கேட்பவர்கள் உண்டு. அது அறியாமையில் பிறந்த கேள்வி அல்ல. அந்த 31ஆம் தேதிக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பிழையான புதுப்பிப்பால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அங்கே நடந்த தவறு, ஒரே நேரத்தில் எல்லாக் கணினிக்கும் அனுப்பியது. முதலில் தலைமை அலுவலகத்தில் இரண்டு கணினி, அடுத்து ஒரு சிறு கிளை, ஒரு வாரம் பொறுத்து மற்றவை என்று போனால் அந்தப் பயத்தில் முக்கால்வாசி போய்விடும். ஏற்கெனவே தாக்குதலில் பயன்படுத்தப்படும் ஓட்டைக்கு மட்டும் ஒரு வாரம் காத்திருக்க முடியாது. அப்படிப்பட்ட ஓட்டைகளின் பட்டியலை அமெரிக்க அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான சிசா 2021 முதல் இலவசமாக வெளியிட்டுவருகிறது. நம் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பும் எச்சரிக்கைகள் தருகிறது. எதை முதலில் செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை.

காசும் பெரிதாகத் தேவையில்லை. விண்டோஸோடு வரும் விங்கெட் என்ற கருவியே ஒரு கணினியில் எவற்றுக்கெல்லாம் புதிய பதிப்பு வந்திருக்கிறது என்று பட்டியலிட்டு, சொன்னால் ஏற்றியும் விடும். எல்லாவற்றையும் அதற்குத் தெரியாது. பென்டிரைவில் வந்த எழுத்துருவை அது அறியாது. ஆனாலும் இன்றைய நிலைக்கு அது எவ்வளவோ மேல்.

எனக்குக் கோபம் வருவது, வங்கிக் கணக்குகளை நடத்தும் கோர் பேங்கிங் மென்பொருளைத் தரும் நிறுவனங்களின் ஆட்கள்மேல். "உலாவியைப் புதுப்பிக்காதீர்கள், எங்கள் மென்பொருள் ஓடாது" என்று தொலைபேசியில் சொல்வார்கள். அதையே கடிதமாகக் கொடுங்கள் என்றால் பேச்சு நின்றுவிடும். இந்தக் கடிதத்தை நான் கேட்டால் வராது, நீங்கள் கேட்டால் வரும். ரிசர்வ் வங்கி 2018 அக்டோபரில் நகரக் கூட்டுறவு வங்கிகளுக்கு அடிப்படை இணையப் பாதுகாப்பு விதிகளைத் தந்து, 2019 டிசம்பரில் நான்கு நிலைகளாக விரித்தது. பொறுப்பை அந்த விதிகள் வைத்திருப்பது உங்கள் மேசையில்.

மாதத்தில் ஒரு நாள் வேண்டும். நான்காம் சனிக்கிழமை என்று நான் கேட்பதற்குக் காரணம் உண்டு. மைக்ரோசாஃப்டின் திருத்தங்கள் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வெளியாகின்றன. இரண்டாம் சனிக்கிழமை சில மாதங்களில் அதற்கு முன்பே வந்துவிடும். நான்காம் சனி எப்போதும் ஒரு வாரத்துக்கு மேல் தள்ளித்தான் வரும். சோதித்துப் பார்க்க அவகாசம் கிடைக்கும். வங்கிக்கும் விடுமுறை. கிளையைத் திறந்து மெயின் சுவிட்சைப் போட ஒருவர் வர வேண்டும். அவருக்கு ஈடுசெய் விடுப்பு கொடுங்கள்.

அடுத்த கூட்டத்தில் வைப்பதற்கு வசதியாகத் தீர்மான வரைவை நானே எழுதித் தருகிறேன். வார்த்தைகளை மாற்றிக்கொள்ளுங்கள், பொருளை நீர்த்துப்போக விடாதீர்கள்:

"வங்கியின் எல்லாக் கணினிகளிலும் உள்ள மென்பொருள்களுக்குப் பதிவேடு தொடங்கி, ஒவ்வொன்றுக்கும் பொறுப்பான அலுவலரின் பெயரைக் குறிக்கவும், எவரும் பொறுப்பேற்காத மென்பொருளை முப்பது நாள்களுக்குள் நீக்கவும், மாதந்தோறும் நான்காம் சனிக்கிழமை திருத்தங்களை நிறுவவும், அவசரத் திருத்தங்களை அன்று மாலையே நிறுவ உத்தரவிடும் அதிகாரத்தைக் கணினிப் பிரிவுக்கு வழங்கவும், திருத்தம் செய்யக் கூடாது எனக் கூறும் ஒப்பந்ததாரரிடம் காரணத்தையும் கெடுவையும் எழுத்துமூலம் பெறவும், செய்யப்படாமல் நிலுவையிலுள்ள திருத்தங்களின் பட்டியலை ஒவ்வொரு குழுக் கூட்டத்திலும் வாராக்கடன் பட்டியலுக்கு அடுத்த பொருளாக வைக்கவும் தீர்மானிக்கப்பட்டது."

இப்படிக்கு,
கூட்டுறவு வங்கிக் கிளைகளின் கணினிகளைப் பராமரிக்கும் ஓர் ஊழியர்