ஆலோசனை நேரத்தை விழுங்கும் படிவங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

நீதிமன்ற உத்தரவின் பேரில் போதை மறுவாழ்வுக்கு அனுப்பப்படுவோர் பற்றிய தங்கள் ஆசிரியர் தலையங்கம், நிலையங்களில் இடமில்லை என்பதோடு நின்றுவிட்டது. போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, மறுவாழ்வு பற்றிய இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் கட்டாய சிகிச்சைக்கு வழி செய்தது, சரி. உள்ளே ஆலோசகரின் நேரம் எங்கே போகிறது? வரவுப் பதிவு, சிறுநீர்ப் பரிசோதனை முடிவு, அடுத்த நீதிமன்றத் தவணைக்கான அறிக்கை என்று அமர்வில் பாதி கரைகிறது. மஸ்கெலியாப் பக்கத்துத் தமிழ்த் தோட்ட இளைஞரென்றால் சிங்களப் படிவத்தை விளக்கவே தனி நேரம் வேண்டும். சம்பள நாள் மாலை, தோட்டத்து லய வீட்டுக்குத் தேடி வரும் பழைய கூட்டாளி என மீண்டும் போதைக்கு வழுக்கும் இடங்களைப் பேசத் தொடங்கும்போது அடுத்தவர் கதவருகே நிற்பார். அறிக்கை எழுதுபவரிடமே "நேற்று பாவித்தேன்" என்று யார்தான் சொல்வார்?

பதிவு வேலையை எழுதுவினைஞரிடம் ஒப்படைத்து, அமர்வின் முதல் அரை மணி நேரத்தைப் பேச்சுக்கே ஒதுக்க வேண்டும். நுவரெலியா மாவட்டத்துக்குத் தமிழ்ப் படிவங்களும் உடனே தேவை.

வாசகர்,
ஹட்டன்.